நகக்கண்ணில் ஒரு கோடு

கந்தசஷ்டியின் நான்காம் நாள் பூசை முடிந்து பெண்கள் கோயில் வெளி மண்டபத்தில் இருந்தபோது, கமலாவதி மாமி அந்த வார்த்தையைச் சொன்னாள். மெல்லச் சொல்வதுபோல, ஆனால் குணலட்சுமியின் காதுக்கு எட்டும்படியாகவே சொன்னாள்.

"உதயகலாவின்ரை முகத்தைப் பாருங்கோ. எலும்பு தெரியத் தெரிய ஒரு ஒளி வருது. முருகன் வந்து குடியிருக்கிறான், வேறை என்ன?"

எல்லாரும் பார்த்தார்கள். தூணோடு சாய்ந்து கண்ணை மூடியிருந்த உதயகலா, கேட்டும் கேளாதவள்போல மெல்லச் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் குணலட்சுமியின் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது.

இரண்டு பேரும் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். நெல்லியடிக்குக் கிட்ட ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, ஒரு கிணறு, ஒரு படலை. மூத்தவர் சண்முகநாதனின் மனைவி குணலட்சுமி. இளையவன் கோபிசங்கரின் மனைவி உதயகலா, அவளைவிடப் பதினைந்து வயது இளையவள். மாமியார் உயிரோடு இருந்த காலத்தில், வந்தவர் போனவருக்கெல்லாம் தேத்தண்ணியோடு சேர்த்து ஒரு கதையும் கொடுப்பாள். "சின்னவனுக்கு வாய்ச்சது ஒரு சொத்தை சொள்ளை இல்லாத பெட்டை" என்பாள். அப்படியென்றால் மூத்தவனுக்கு வாய்த்தது என்ன என்று யாரும் கேட்டதில்லை. கேளாத கேள்விக்கு மாமியாரும் மறுமொழி சொன்னதில்லை. குணலட்சுமிதான் அந்த மறுமொழியை இருபது வருடமாக வயிற்றுக்குள் வைத்திருந்தாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவளை அசைக்க ஊரில் ஆளில்லை. அது சஷ்டி விரதம். ஆறு நாளும் மிளகும் தண்ணீரும் தவிர வேறொன்றும் தொண்டையில் இறங்காது. விரதம் முடிக்கிற பாறணையன்று முதல் இலை அவளுக்குத்தான் விழும். கோயில் ஐயரம்மா தனக்குப் பக்கத்தில் அவளுக்கென்று இடம் விட்டு வைப்பாள். போன வருடம் சீனி வருத்தம் வந்து, வயிறு காயக்கூடாது, நேரத்துக்குக் குளிசை போடவேண்டும் என்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இந்த வருடம் பாலும் பழமும் என்று இறங்கவேண்டியதாயிற்று. அதே வருடம் பார்த்துத்தான், ஒருநேரச் சாப்பாட்டு விரதத்துக்கு மேலே ஏறியறியாத உதயகலா மிளகும் தண்ணியும் என்று விரலில் விரதத் தர்ப்பை போட்டுக்கொண்டாள்.

போட்டதுகூடப் பெரிதல்ல. "எனக்குச் சாப்பாட்டிலை மனமே இல்லை அக்கா, அதாலை ஒரு கஷ்டமும் தெரியேல்லை" என்று சொன்னாளே, அதுதான். தான் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்த விரதத்தை இவள் பூப்பறிக்கிற மாதிரிப் பிடிக்கிறாள் என்று குணலட்சுமிக்குப் பட்டது.

பொறாமைக்காரியின் கண்ணுக்கு இமை கிடையாது. குணலட்சுமியின் குசினி யன்னலைத் திறந்தால் அந்த வீட்டுக் குசினி தெரியும். கிணற்றடிக்குப் போனால் அந்த வீட்டுப் பின்விறாந்தை தெரியும். சஷ்டிக்கு வெகு முந்தியே, ஆடியிலேயே அவள் காவலைத் தொடங்கிவிட்டாள். ஆடியில் உதயகலா கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்குவித்துக்கொண்டு வந்து, கன்னத்தில் கை வைத்தபடி ராணி மாதிரிப் படுத்திருந்தாள். கோபிசங்கர் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தான். ஒரு ஆம்பிளை பெண்சாதிக்குக் கஞ்சி காய்ச்சுகிற காட்சியைக் கிணற்றடியிலிருந்து பார்த்த குணலட்சுமி, அன்றைக்குச் சண்முகநாதனின் சோற்றுக்கோப்பையைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தாள்.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்டாள். நல்லூர்த் தேருக்குப் போன இடத்தில் உதயகலா வீதி சுற்ற மாட்டாமல் கச்சான் கடைக்காரியின் வாங்கில் இருந்துவிட்டாள். பஞ்சி, சோம்பல் என்று குணலட்சுமி தீர்மானித்தாள். சட்டைகளையெல்லாம் ஒடுக்கித் தைத்தாள். மெலிவதற்கு ஏதோ கள்ளமாகக் குடிக்கிறாள் என்று தீர்மானித்தாள். விடிய விடியப் படுக்கை விரிப்பைத் தோய்த்துக் காயப்போட்டாள். துப்புரவுக்காரி என்று பேர் எடுக்கப் பார்க்கிறாள். பாதி வாளியில் கப்பிக்கயிற்றை விட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்து நின்றாள். கோபிசங்கர் ஓடிவந்து அள்ளித் தரட்டும் என்றுதான். அவனும் ஓடித்தான் வந்தான்.

இப்போது விரதம். ஐந்தாம் நாள் காலையில் குணலட்சுமி யன்னலால் பார்த்துக்கொண்டிருக்க, உதயகலா மேசை லாச்சியைத் திறந்து வெள்ளைக் குளிசை இரண்டை எடுத்து விழுங்கினாள். விழுங்கிவிட்டு, அந்த வெக்கையிலும் ஒரு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு விறாந்தையில் சுருண்டாள். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, பால் இரவல் கேட்கப் போகிறவள்போலச் செம்பும் கையுமாகப் போய், குணலட்சுமி அந்த லாச்சியை இழுத்துப் பார்த்தாள். காய்ச்சல் தலையிடிக்குப் போடுகிற வெறும் பனடோல் தட்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக. வேறு ஒரு மருந்தும் இல்லை.

அன்று மத்தியானப் பூசையில் திருநீறு வாங்க உதயகலா கையை நீட்டியபோது, குணலட்சுமி அடுத்ததைக் கண்டாள். நகத்துக்குள்ளே, நீளவாக்கில், கறுப்பும் சிவப்புமாக மெல்லிய கோடுகள். மரச் சிராம்பு ஏறின மாதிரி.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. புழுக்கொடியல். அவித்துக் காயவைத்த அந்தப் பனங்கிழங்கைக் கீறி, நகத்தால் நார் உரித்துத் தின்றவர்களுக்குத்தான் அது தெரியும். நார் நகத்துக்குள் ஏறினால் இப்படித்தான் கோடு விழும். மிளகும் தண்ணியுமாம். ஒளித்திருந்து புழுக்கொடியல் சப்புகிறாள்.

வீட்டுக்கு வந்து சண்முகநாதனிடம் சொன்னாள். அவர் பத்திரிகையை மடிக்காமலே கேட்டார்.

"விரதம் உமக்கோ, அவளுக்கோ? நீர் உம்மடை பாலைக் குடிச்சிட்டுப் பேசாமல் இரும்."

பேசாமல் இருப்பதென்றால் அவள் குணலட்சுமியாகவே பிறந்திருக்க மாட்டாள்.

பின்னேரம் புராணப் படிப்புக்குப் பெண்கள் கூடியிருந்தார்கள். படிப்பவர் இன்னும் வரவில்லை. குணலட்சுமி நேரே போய் உதயகலாவுக்கு முன்னால் குந்தினாள்.

"பிள்ளை, உன்ரை கையை ஒருக்கால் காட்டு பாப்பம்."

உதயகலா ஒன்றும் விளங்காமல் கையை நீட்டினாள். குணலட்சுமி அதைப் பிடித்து, எல்லாரும் காணத் திருப்பி, மோதிர விரலின் நகக்கண்ணைத் தன் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தாள். கோடு போகவில்லை. சேலைத் தலைப்பை நனைத்துத் தேய்த்தாள். போகவில்லை. அது நகத்துக்கு மேலேயும் இல்லை, கீழே ஏறின நாரும் இல்லை. தசைக்குள்ளே இருந்தது. விரல் நுனியில் பயறளவில் சிவந்த ஒரு கட்டி. அதில் அவள் விரல் பட்டதும் உதயகலா ஐயோ என்று கையை இழுத்தாள். இழுக்கும்போதுதான் குணலட்சுமிக்கு மற்றது உறைத்தது. தான் பிடித்திருந்த கை, அடுப்பிலிருந்து இறக்கின சட்டி மாதிரிக் கொதித்தது.

"என்ன குணம்?" என்று கேட்டாள் கமலாவதி மாமி.

"கொதிக்குது மாமி."

மாமி தொட்டுப் பார்த்தாள். தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கொதிக்காமல்? இது தவச்சூடெல்லே."

ஐயரம்மா எழுந்துவந்து தொட்டாள். இன்னும் நாலு பேர் தொட்டார்கள். ஒருத்தி திருநீற்றைக் கொண்டுவந்து உதயகலாவின் கையால் பூசிவிடச் சொல்லிக் கேட்டாள். குணலட்சுமி குந்தின இடத்திலிருந்து எழும்பினாள். பிடிக்க வந்த கள்ளியைத் தானே தேரில் ஏற்றிவிட்டாள்.

அந்த ஆத்திரத்தில்தான் அவள் அதைச் செய்தாள். பின்னால் ஊர் எத்தனை விதமாகச் சொன்னாலும் காரணம் அதுதான். இது தவமுமில்லை, மண்ணுமில்லை, வெறும் காய்ச்சல் என்று படித்த ஒரு ஆளின் வாயால் வரவேண்டும். வந்தால்தான் இவர்கள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவதை விடுவார்கள். ஒரு ஓட்டோவை மறித்து, படிப்பு முடியட்டும் அக்கா என்று கெஞ்சினவளைத் தூக்காத குறையாக ஏற்றி, பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள். சங்கக்கடையில் வேலையாக நின்ற கோபிசங்கருக்குப் போகும் வழியில் போன் எடுத்தாள்.

டொக்டர் அருந்ததிக்கு முப்பத்தைந்து வயதுகூட இராது. கையைப் பார்த்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள். கீழ் இமையை இழுத்து, அதற்குள் குத்துக் குத்தாக இருந்த சிவப்பைப் பார்த்தாள். பிறகு குழாயை நெஞ்சில் வைத்தவள் எடுக்கவேயில்லை. சரிந்து படுக்கச் சொல்லிக் கேட்டாள், மூச்சை அடக்கச் சொல்லிக் கேட்டாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

காய்ச்சல் எவ்வளவு நாளாக என்று கேட்டாள். இரண்டு மூன்று நாளாகத்தான் என்று உதயகலா முனகினாள். அப்போதுதான் வந்து சேர்ந்த கோபிசங்கர், ஓம் டொக்டர், விரதத்தாலே களைப்பு என்றான்.

"பொய்" என்றாள் குணலட்சுமி.

பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள். ஆடியில் பிடுங்கின பல். நல்லூரில் நடக்க மாட்டாமல் இருந்தது. ஒடுக்கித் தைத்த சட்டைகள். விடிய விடிய நனைந்த படுக்கை விரிப்பு. கிணற்றடியில் நின்று வாங்கின மூச்சு. எந்த நேரம் குளிர்கிறது, எந்த நேரம் வேர்க்கிறது. வெளியே இவ்வளவு நாளும் குற்றப்பத்திரிகையாக அடுக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த அறையில் வேறொன்றாக மாறி விழுந்துகொண்டிருந்தது. டொக்டர் எழுதிக்கொண்டே போனாள்.

"வேறை ஏதும் மருந்து எடுத்தவவோ? கிருமிக்குக் குடுக்கிற குளிசை, கப்சூல்?"

"இல்லை. பனடோல் மட்டும்தான். லாச்சி முழுக்கத் தேடிப் பாத்தனான்."

"நல்லது. அதாலை இரத்தத்திலை கிருமியைப் பிடிக்க வசதி. நீங்கள் இவவின்ரை அம்மாவோ?"

"இவவின்ரை புருசனின்ரை தமையன்ரை பெண்சாதி."

டொக்டர் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். "இவ்வளவு கவனமாப் பாத்திருக்கிறீங்கள்" என்றாள். குணலட்சுமிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நுளம்புப் படத்தைப் பார்த்தாள்.

டொக்டர் கேட்ட அடுத்த கேள்விதான் உதயகலாவின் வாயைப் பூட்டியது. சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் ஏதும் வந்ததா, இருதயத்தில் பழுதென்று யாரும் சொன்னதுண்டா என்று கேட்டாள். அப்படி ஒன்றும் இல்லை என்று கோபிசங்கர்தான் சொன்னான். உதயகலா நிலத்தைப் பார்த்தாள்.

அந்த மௌனத்தை அந்த அறையில் வாசிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். இருபது வருடம் வேறு என்ன படித்தாள் அவள்?

"தம்பி, அவளுக்குத் தொண்டை காயுது. வெளியாலை போய் ஒரு இளநி வாங்கியாரும்."

அவன் போனதும் உதயகலா அழுதாள். சண்டையில் வலிகாமத்திலிருந்து சனம் முழுவதும் இடம்பெயர்ந்த வருடம் அவளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடமொன்றின் சீமெந்து நிலத்தில் படுத்திருந்தபோது தொண்டை நோவும், பிறகு மூட்டு மூட்டாக வீக்கமும் வந்தது. இருதயத்து வால்வில் பழுதென்று சொல்லி மாதாமாதம் ஊசி போட்டார்கள். கலியாணம் பேசத் தொடங்கினதும் தாய் ஊசியை நிற்பாட்டிவிட்டாள். கிளினிக் வாசலில் கண்டால் சம்பந்தம் குழம்பிவிடும் என்று பயம். பல் பிடுங்கப் போன இடத்திலும் இருதயம் எப்படி என்று கேட்டார்கள்தான். பக்கத்தில் கோபிசங்கர் நின்றான். ஒன்றும் இல்லை என்றாள்.

டொக்டர் சத்தம் போடவில்லை. தணிந்த குரலில் விளங்கப்படுத்தினாள். "வால்வு எண்டது இருதயத்துக்குள்ளை கதவு மாதிரி. பழுதான கதவிலை கிருமி வந்து ஒட்டினால் பாசி மாதிரி வளரும். உங்கடை வாயிலையிருந்து, பல் பிடுங்கின புண்ணாலை இரத்தத்துக்குள்ளை போயிருக்கோணும். அதிலையிருந்து துணுக்குகள் உடைஞ்சு போறதுதான் இந்த நகத்திலை தெரியிற கோடு. விரலுக்குப் போனது மூளைக்கும் போகலாம். பாரிசவாதம் வந்திடும். இன்னும் விட்டிருந்தால் ஆள் இல்லை." மருந்து தொடங்குமுன் வேறு வேறு இடத்திலிருந்து இரத்தம் எடுக்கவேண்டும், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி ஸ்கான் செய்யவேண்டும், பிறகு கிழமைக் கணக்காக நரம்பால் மருந்து ஏறவேண்டும் என்றாள். விரதம் இந்த நிமிடத்தோடு சரி என்றும் சொன்னாள்.

"அவருக்குச் சொல்லுறது உங்கடை விருப்பம். ஆனால் இனிமேல் ஆர் உங்கடை பல்லிலை கை வைக்கிறதெண்டாலும் இதைச் சொல்லத்தான் வேணும். ஊசியையும் விடேலாது. மறைச்சு மறைச்சு இதோடை சீவிக்கேலாது."

உதயகலா திரும்பி, குணலட்சுமியின் கையைப் பிடித்தாள். அதே கொதிக்கிற கை.

"அக்கா, அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

யாழ்ப்பாணத்துக்கு அம்புலன்ஸில் போகும்போது குணலட்சுமி அந்த ரகசியத்தை வாயில் போட்ட கற்கண்டு மாதிரிக் கரைத்துக்கொண்டிருந்தாள். சொத்தை சொள்ளை இல்லாத பெட்டை. மாமியார் மேலேயிருந்து கேட்கட்டும். பெண் பார்க்க வந்த அன்று தன்னை நடக்கச் சொல்லி, எழுத்து வாசிக்கச் சொல்லி, பல்லைக்கூடச் சிரிக்கவைத்துப் பார்த்த மனுசி, சின்னவளைப் பார்க்கப் போனபோது கண்ணை எங்கே வைத்திருந்தாள்? ஒரு சொல். கோபிசங்கரின் காதில் ஒரே ஒரு சொல் போட்டால் போதும். அந்தக் கஞ்சிக் கோப்பையும், ஓடிவந்து வாளி அள்ளுகிற கையும் என்ன ஆகிறதென்று பார்க்கலாம். பக்கத்தில் உதயகலா குளிரில் பல்லடிக்கக் கிடந்தாள். குணலட்சுமி போர்வையை இழுத்து அவள் கழுத்துவரை மூடிவிட்டாள். கற்கண்டு கரைந்துகொண்டேதான் இருந்தது.

ஸ்கானில் வால்வில் பாசி தெரிந்தது. எடுத்த இரத்தத்தில் கிருமியும் முளைத்தது. வாயில் இருக்கிற வகைதான் என்றார்கள். மருந்து ஏறத் தொடங்கியது. காய்ச்சல் உடனே விடவில்லை. மருந்துக்குக் கேளாவிட்டால் கொழும்புக்கு அனுப்பி நெஞ்சைத் திறக்கவேண்டி வரலாம் என்று வாட்டில் பேசிக்கொண்டார்கள்.

ஊர் திரண்டு வந்தது. பாறணை முடிந்த கையோடு கமலாவதி மாமி பிரசாதத்தோடு வந்து, விரதம் இருந்தபடியால்தான் முருகன் நோயைக் காட்டிக்கொடுத்தவர் என்றாள். ஐயரம்மா குணலட்சுமியின் தலையில் கை வைத்து, நீ அவளுக்குத் தாய் என்றாள். முதல் நாள் அது இனித்தது. அடுத்த நாள் அந்தப் பேச்சுக் கேட்டபோது, இரவல் நகையைப் போட்டுக்கொண்டு சபையில் நிற்பவள்போல அவளுக்குக் கழுத்துக் கூசியது.

அன்று பின்னேரம் கோபிசங்கர் அவளை வாட்டுக்கு வெளியே கூப்பிட்டான். நாலு நாள் சவரம் செய்யாத முகம்.

"அண்ணி, இஞ்சையும் அதைத்தான் கேக்கினம். சின்ன வயசிலை ஏதும் இருந்ததோ எண்டு. கேட்டால் அவள் அழுகிறாள். உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

இதோ. கேளாமலே வாசலுக்கு வந்து நிற்கிறது. குணலட்சுமி வாயைத் திறந்தாள். அவன் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்தது சந்தேகமில்லை, பயம். பெண்சாதி செத்துப்போவாளோ என்ற வெறும் பயம். தனக்காக ஒரு ஆம்பிளை அப்படிப் பயந்ததாக அவளுக்கு நினைவில்லை. அந்த நேரத்திலும் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

"கொஞ்சம் நில்லும் தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கட்டிலோரம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேளாமல் சொன்னாள்.

"நான் சொன்னால் அது கோள். நீ சொன்னால் அது வருத்தம். எனக்கு வாய் நமநமக்குது உதயா, உனக்குத் தெரியும் என்னைப்பற்றி. நாளை வரைக்கும் பொறுப்பன் எண்டு எனக்கே நம்பிக்கையில்லை. இப்பவே சொல்லு."

உதயகலா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, காய்ச்சல் தொடங்கின நாளுக்குப் பிறகு முதல்தரமாக, வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து இருமினாள். "கூப்பிடுங்கோ அவரை" என்றாள்.

குணலட்சுமி கதவடியில் நின்றாள். போகத்தான் வேண்டும், போகவில்லை. உதயகலா சொல்வது கேட்கவில்லை. கோபிசங்கரின் முதுகு மட்டும் தெரிந்தது. சத்தம் போடுவான் என்று பார்த்திருந்தாள். எழுந்து வெளியே போய்விடுவான் என்றும் பார்த்திருந்தாள். உண்மையைச் சொன்னால், அதில் ஒன்றாவது நடக்கட்டும் என்று மனத்தின் ஒரு மூலையில் ஆசையும் இருந்தது. அவன் எழுந்து, மருந்து ஏறுகிற கைக்குக் கீழே துவாயொன்றை மடித்து வைத்தான். நேர்ஸிடம் போய், இவவுக்குப் பன்னிரண்டு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்தது, எழுதிக்கொள்ளுங்கோ என்று தெளிவாகச் சொன்னான். திரும்பி வந்து காலடியில் இருந்து அவள் பாதத்தைத் தேய்த்தான். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா என்று குணலட்சுமிக்கு வயிறு எரிந்தது. அதே வயிறு, காரணம் தெரியாமல், ஆறுதலாகவும் இருந்தது.

இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. ஒருநாள் காலையில் உதயகலா, அக்கா எனக்குப் பசிக்குது என்றாள். குணலட்சுமி கொண்டுவந்த இடியப்பத்தையும் சொதியையும் அவள் கோப்பையை வழித்துச் சாப்பிட்டதைப் பார்த்த பெரிய டொக்டர், மருந்து கேட்குது, இப்போதைக்கு வெட்டத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, தன் பின்னால் வந்த மாணவப் பிள்ளைகளைக் கட்டிலைச் சுற்றி நிற்கச் சொன்னார். இப்படி நகம் இந்தக் காலத்தில் எல்லா நாளும் காணக் கிடைக்காது, வடிவாகப் பாருங்கோ என்றார்.

வெள்ளை மேலங்கிகள் கட்டிலை மூடிக்கொண்டன. ஒருவர் மாறி ஒருவர் உதயகலாவின் கையைப் பூவைத் தூக்குகிற மாதிரித் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு பெட்டை, நன்றி அன்ரி என்றாள். உதயகலா தலையணையில் சாய்ந்து, அதே மெல்லிய சிரிப்போடு கையை நீட்டியபடி இருந்தாள். கோயில் தூணடியில் இருந்த அதே சிரிப்பு.

வெறும் இடியப்பக் கோப்பையோடு பின்னால் நின்ற குணலட்சுமியால் பொறுக்க முடியவில்லை. இரண்டு மேலங்கிகளுக்கு நடுவே தோளை விட்டு நுழைந்தாள்.

"தம்பி, அந்தக் கையிலை இல்லை. உதிலை பிறகுதான் வந்தது. வலது கை மோதிர விரலைப் பிடிச்சுப் பாரும். நான்தான் முதல் கண்டனான்."